உதட்டசைவிலும் பேச்சைக் கற்கும் இயந்திரம்

இரைச்சலுக்குள் ஒருவர் பேசினால் நாம் அவரது உதடுகளையும் கவனிக்கிறோம். 2022இல் மெட்டா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஏவி-ஹியூபேட் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியும் அப்படித்தான் கற்கிறது. எழுத்தாக்கப்படாத காணொளிகளில் சில பகுதிகளை மறைத்துவிடுவார்கள். எஞ்சிய ஒலியையும் உதட்டசைவையும் கொண்டு மறைந்ததை அது ஊகிக்க வேண்டும். பிறகு எழுத்தாக்கிய 30 மணித்தியாலப் பேச்சே போதுமாயிற்று. ஒலியற்ற ஆங்கிலக் காணொளிகளை வாசிப்பதில், 31,000 மணித்தியால எழுத்தாக்கத்தில் பயின்ற முந்தைய மாதிரியை அது சற்று விஞ்சியது. ஆனாலும் ஏறத்தாழ மூன்று சொற்களில் ஒன்று பிழை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை வீதியோரங்களில் நான் பதிவுசெய்தபோது, வாகன இரைச்சல் பல சொற்களை விழுங்கியது. அவற்றை மீட்க இம்முறை தமிழுக்கும் வரவேண்டும். ஆனால் அங்கே படம்பிடிப்பவர்கள் ஊடகவியலாளர்கள் மட்டுமல்லர். ஒலியற்ற கமராவுக்கும் நாளை நம் பேச்சு விளங்கலாம், பிழையாகவும் விளங்கலாம்.