பிரெஞ்சு ஓட்டலைத் தேர்ந்தெடுப்பது எப்படி? உவரிக்காரர் கண்ணே போதும்!

உவரிக் கடற்கரை. விடியும் நேரம். படகுகள் கரைக்கு வருகின்றன. மீன் மணலில் குவிகிறது. ஏலம் தொடங்குகிறது.

ஏலம் கேட்கிறவர் மீனின் கண்ணைப் பார்ப்பார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். விரலால் அமுக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான், விலையைச் சொல்லிவிடுவார்!

இவ்வளவு கெட்டிக்காரர், புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு ஓட்டல் வாசலில் நின்றால் மட்டும் தயங்குகிறார். ஏன்?

வாயில் நுழையாத பெயர்கள். விலை எவ்வளவு ஆகுமோ என்ற பயம். நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சம்.

பயம் வேண்டியதில்லை. மீன் வாங்கத் தெரிந்தவருக்கு ஓட்டலையும் தேர்ந்தெடுக்க முடியும்.

மகளின் முதல் சம்பளம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் உவரியில் கடலுக்குப் போகிறவர். மகள் படித்து, புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். முதல் சம்பளம் வந்துவிட்டது.

"அப்பா, நீங்களும் அம்மாவும் வாங்க. ஒரு நாள் நல்ல ஓட்டல்ல சாப்பிடுவோம்" என்று போனில் கூப்பிடுகிறாள்.

நெல்லையில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, பஸ்சில் சுமார் 40 கிலோ மீட்டர் போனால் புதுச்சேரி.

பிரெஞ்சுக்காரர்கள் 1674-ம் ஆண்டு அங்கே குடியேறினார்கள். இடையில் அந்த ஊர் டச்சுக்காரர், ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பியது. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி அதன் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16-ந் தேதி முடிந்தது.

கடலை ஒட்டிய பகுதியில் அந்நாளில் வெள்ளையர் வாழ்ந்தார்கள். ஒரு வாய்க்கால் அதைத் தமிழர் பகுதியிலிருந்து பிரிக்கிறது. மஞ்சள் சுவர், உயர்ந்த கதவு, மதில் மேல் காகிதப்பூ. பழைய மாளிகைகள் சில இன்று ஓட்டல்கள்.

இத்தனை வாசலில் எந்த வாசலில் நுழைவது?

வாசலிலேயே தெரியும்

பிரான்சில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டல்காரர் விலைப்பட்டியலை வெளியே, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வைக்கவேண்டும். படித்துவிட்டு நடையைக் கட்டினால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

புதுச்சேரியிலும் அப்படியே செய்யலாம். வெளியே பட்டியல் இல்லை என்றால், உட்காருவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் பார்க்கலாம். இதில் வெட்கம் என்ன? ஏலத்தில் விலை கேட்காமல் யாராவது மீனை எடுப்பார்களா?

பட்டியல் நீளமாக இருந்தால் உஷார்! ஐம்பது அறுபது பலகாரத்தையும் அன்றன்றைக்குப் புதிதாகச் சமைப்பது கடினம். பத்துப் பன்னிரண்டு இருந்தால் நம்பிக்கை பிறக்கும். கரும்பலகையில் சாக்குக்கட்டியால் "இன்றைய கறி" என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அன்று சந்தையில் கிடைத்ததைச் சமைக்கிறார்கள் என்று அர்த்தம்.

"மெனு" என்றால் என்ன?

நம் ஊரில் விலைப்பட்டியலை "மெனு" என்கிறோம். பிரெஞ்சுக்காரர் அதைக் "கார்த்" என்பார்கள். அவர்கள் "மெனு" என்றால் நம் "சாப்பாடு" மாதிரி. ஒரே விலையில் முதலில் ஒரு சிறு பதார்த்தம், பிறகு பெரிய கறி, கடைசியில் இனிப்பு என்று வரிசையாக வரும். தனித்தனியே கேட்பதைவிட அது பெரும்பாலும் மலிவு.

மீனுக்குப் பிரெஞ்சு மொழியில் "ப்வாசோன்" என்று பெயர். எழுத்தைப் பார்த்தால் இங்கிலீஷில் விஷத்தைக் குறிக்கும் சொல்லைப் போல இருக்கும். மகள் பதறவேண்டாம். அதில் ஓர் எழுத்து கூடுதல்!

மாட்டுக்கறி, பன்றிக்கறி வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சில பிரெஞ்சுக் குழம்புகளில் ஒயின் ஊற்றுவார்கள். அதையும் கேட்டுக்கொள்ளலாம்.

மீனவர் குழம்பு

பிரெஞ்சுச் சமையலில் பெயர்பெற்ற மீன் குழம்பு ஒன்று உண்டு. அதன் பெயர் "புயாபேஸ்". பெரிய ஓட்டல்களில் அதன் விலை மலைக்க வைக்கும்.

அதைக் கண்டுபிடித்தது அரண்மனைச் சமையல்காரர் அல்ல. மார்சேய் துறைமுகத்து மீனவர்கள்! நல்ல மீனை விற்றுவிட்டு, விலை போகாத முள் மீனைக் கரையிலேயே கொப்பரையில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். பூண்டு, பெருஞ்சீரகம், தக்காளி, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய் சேர்ந்தது. ஏழையின் குழம்பு பிறகு பணக்காரர் மேஜை ஏறியது.

கண்டவர்கள் கண்டபடி செய்து பெயரைக் கெடுத்தார்கள். அதனால் 1980-ம் ஆண்டு மார்சேய் ஓட்டல்காரர்கள் சிலர் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். குறைந்தது நான்கு வகை மீன் வேண்டும். சாப்பிடுகிறவர் எதிரிலேயே மீனை வெட்டிப் பரிமாறவேண்டும்.

மீனை ஒளிக்காமல் காட்டுவதே நல்ல ஓட்டலுக்கு அடையாளம்!

நம் வடகம்

இன்னொரு அதிசயம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம் சேர்த்து உருட்டி, வெயிலில் காயவைக்கிறோமே, வடகம்! அது புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறியது. "வடுவான்" என்ற பெயரில் இன்று பிரெஞ்சுச் சமையல்காரர்கள் அதை மீனிலும் இறாலிலும் தூவுகிறார்கள். பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டால் அம்மா சிரித்துக்கொள்ளலாம்.

பில் வந்ததும்

பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாகப் போட்டிருக்கிறதா? அது கட்டாயம் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் அப்படி உத்தரவிட்டது. தில்லி ஐகோர்ட்டு 2025 மார்ச்சில் அது சரியே என்றது. வேண்டாம் என்று சொல்லி எடுக்கச் சொல்லலாம். பரிமாறியவரின் கவனிப்பு பிடித்திருந்தால் விரும்பியதைக் கையில் கொடுக்கலாம். வரி வேறு. அதைக் கட்டத்தான் வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி

இப்போது குடும்பம் மேஜையில் உட்கார்ந்துவிட்டது. முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று அம்மா யோசிக்கிறாள். தகப்பனார் பரிமாற வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்:

"தம்பி, இன்னைக்கு என்ன மீன்? எப்ப வந்துச்சு?"

நல்ல ஓட்டல் என்றால் நேரான பதில் வரும். "வஞ்சிரம் இருக்கு ஐயா. காலையில வந்தது. பார்க்கறீங்களா?" என்பார். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வஞ்சிரம். உவரிக்கு அது சீலா!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் பெரிய மீன் அபூர்வம். அப்போதும் "எல்லா மீனும் புதுசு" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எழுந்து வந்துவிடலாம்.

மீன் வருகிறது. தகப்பனார் கண்ணைப் பார்க்கிறார். செவுளைப் பார்க்கிறார். விரலால் அமுக்குகிறார். தலையை ஆட்டுகிறார்.

அந்த மேஜையைச் சுற்றி இருக்கும் அத்தனை பேரிலும் அந்த மீனை நன்றாக அறிந்தவர் அவர்தான். கரண்டி பிடிக்கத் தெரியாவிட்டால் என்ன? கையால் சாப்பிடட்டுமே!

மகள் பெருமையோடு அப்பாவைப் பார்க்கிறாள். முதல் சம்பளம் வீண்போகவில்லை.