நனைந்தால் தெரியும், காய்ந்தால் மறையும்... ஒரு பவளக் கல்லின் கதை!

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் கொட்டிக் கிடக்கும் கூழாங்கற்களில், சாம்பல் நிறத்தில் ஒன்றைக் கையில் எடுத்தால் விசேஷமாக எதுவும் தெரியாது. அதையே தண்ணீரில் முக்கி எடுத்தால்? தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கருமையான புள்ளி, அதைச் சுற்றி மெல்லிய கதிர்கள்! வெயிலில் காய்ந்ததும் அத்தனையும் காணாமல் போய்விடும்.

இதன் பெயர் பெட்டோஸ்கி கல். உண்மையில் இது வெறும் கல் அல்ல, பவளத்தின் புதைபடிவம். 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, இன்றைய மிச்சிகன் மாநிலம் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலுக்கு அடியில் இருந்தது. அங்கே கூட்டமாக வாழ்ந்த பவள உயிர்கள்தான் இப்படிக் கல்லாகிவிட்டன. ஒரு கட்டம் என்பது ஓர் உயிரின் வீடு. நடுவில் இருக்கும் கரும்புள்ளி, அதன் வாய் இருந்த இடம். பின்னாளில் வந்த பனிப்பாறைகள் அந்தப் பாறையைப் பெயர்த்து, உருட்டி, ஊரெங்கும் இறைத்துவிட்டுப் போயின. இன்றும் குளிர்காலப் பனி உருகும் வசந்த காலத்தில் புதிய கற்கள் கரை ஒதுங்குகின்றன. அந்தப் பகுதியின் பூர்வகுடித் தலைவர் ஒருவரின் பெயரே ஊருக்கும் கல்லுக்கும் வந்தது. அதற்கு ‘உதயசூரியனின் கதிர்கள்’ என்று பொருள் சொல்கிறார்கள். கல்லைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது!

1965-ல் மிச்சிகனின் மாநிலக் கல்லாகவும் இது அறிவிக்கப்பட்டது. ஆனால், ஆசைக்கு அளவு உண்டு. அரசு நிலத்திலிருந்து ஒருவர் ஆண்டுக்கு 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ கற்கள் மட்டுமே எடுக்கலாம். ஏரியில் கண்டெடுக்கப்பட்ட 93 பவுண்டு கல் ஒன்றை, 2015-ல் அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டதும் உண்டு.

சரி, வீட்டுக்கு எடுத்து வந்த கல்லில் அந்தக் கட்டங்கள் எப்போதும் தெரிய வேண்டுமே? உடனே பலரும் தேடுவது ராக் டம்ளர். காபி குடிக்கும் டம்ளர் அல்ல. கான்கிரீட் கலவை லாரியின் பின்னால் சுற்றுமே, அதைப்போல ஒரு குட்டி உருளை. கல், தண்ணீர், சாணைப்பொடி மூன்றையும் போட்டு மூடி, இரவு பகலாகச் சுழலவிட வேண்டும். முதலில் கொரகொரப்பான பொடி, அடுத்து நைஸான பொடி, கடைசியில் பாலிஷ் பொடி. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

சிக்கலே இங்குதான். இந்தக் கணக்கு, குவார்ட்ஸ் போன்ற கெட்டியான கற்களுக்கானது. மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. திருவக்கரை கல்மரம் போல சிலிக்காவாக மாறிய புதைபடிவங்களும் ஏறத்தாழ இந்த ரகம்தான் (அங்கிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது என்பது வேறு விஷயம்). பெட்டோஸ்கி கல்லோ கால்சைட். கடினத்தன்மை வெறும் 3. கெட்டியான கற்களோடு சேர்த்துச் சுழலவிட்டு ஒரு வாரம் மறந்துவிட்டால், மூடியைத் திறக்கும்போது கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்த பவளத்தில் பெரும்பகுதி சேறாகியிருக்கும். அந்தச் சேற்றையும் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் சிமென்ட் போல இறுகிவிடும்.

அனுபவசாலிகள் டம்ளரில் போடாமல் இல்லை. முதல் கட்டத்தையே தவிர்த்து, நைஸ் பொடியில் தொடங்கி, கற்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க சின்னச் சின்ன பீங்கான் துண்டுகளையும் சேர்த்து, தினமும் திறந்து பார்ப்பார்கள். ஆனால், ஒன்றிரண்டு கற்கள் மட்டும் வைத்திருப்பவருக்கு மெஷினே தேவையில்லை. மிருதுவான கல் என்பதே இங்கு வசதி!

220-ம் நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 400, பிறகு 600. ஒவ்வொன்றிலும் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் ஏறும். ஒரு கீறல் மிச்சம் இருந்தாலும் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. நைஸான தாள் அதை அழிக்காது, பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கடைசியில் வெல்வெட் துணியில் பாலிஷ் பொடியைத் தொட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். வினிகர், எலுமிச்சைச் சாறு பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அமிலம் பட்டால் கால்சைட் கரைந்துவிடும்.

தண்ணீர் செய்த வேலையைத்தான் பாலிஷும் செய்கிறது. காய்ந்த கல்லின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் ஒளியைச் சிதறடித்து, உள்ளே இருக்கும் கோலத்தை மறைக்கின்றன. ஈரம் அந்தப் பள்ளங்களைக் கொஞ்ச நேரம் நிரப்புகிறது. தேய்ப்பு அவற்றை அடியோடு நீக்கிவிடுகிறது. துடைத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு எடுத்துப் பாருங்கள். அறுகோணங்கள் அப்படியே இருந்தால் வேலை முடிந்தது. மங்கலாகத் தெரிந்தால், மறுபடி 600-ம் நம்பர் தாள்தான்!