சில நிமிட ஊக்கம், சில நாள் வலி

நீளம் தாண்டும் பள்ளி மாணவி ஒருவரை அவருடைய தந்தை ஒரு சனிக்கிழமை எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு அழைத்து வந்தார். காயம் ஏதுமில்லை. ஆயினும் தொடைகள் இரண்டும் இறுகி, படி இறங்குவதே அம்மாணவிக்குச் சிரமமாக இருந்தது. முந்தைய நாள் நடந்த தேர்வுப் போட்டியில் வழக்கமான தூரத்தையும் அவரால் எட்ட இயலவில்லை. "பளு தூக்கினால் காலுக்கு வேகம் கூடும் என்றார்களே, டாக்டர். புதன்கிழமை மாலை முழுவதும் அதைத்தானே செய்தாள்?" என்று தந்தை கேட்டார்.

அவர் கேள்விப்பட்டது பொய்யன்று. தோளில் கனமான பளுவைத் தாங்கிச் சில முறை குந்தி எழுந்த பின், போதிய ஓய்வெடுத்துத் தாவினால், பயிற்சி பெற்ற வீரர்கள் பலர் சற்றே கூடுதலாகத் தாவுகின்றனர். தசை வலிமையாகச் சுருங்கும்போது அதிலுள்ள மயோசின் என்னும் புரதத்தில் பாஸ்பேட் சேர்கிறது. அதனால் கால்சியத்தின் தூண்டலுக்குத் தசை மேலும் விரைவாக இணங்குகிறது. தசையின் வெப்பம் உயர்வதும் துணை நிற்கிறது. கிடைக்கும் பயனோ சிறிது. அரை மீட்டர் உயரம் எம்புபவருக்கு ஓரிரு சென்டிமீட்டர் கூடினாலே பெரிது.

அதே பளு தசையைக் களைப்படையவும் செய்கிறது. முதல் ஓரிரு நிமிடங்களில் களைப்பே மேலோங்கி நிற்கும். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடங்களுக்குள் களைப்பு தணிந்து ஊக்கம் வெளிப்படுகிறது. பின்னர் அதுவும் மறைந்துவிடும். பல ஆண்டுகள் பளு தூக்கிப் பழகியவர்களுக்கே இப்பயன் தெளிவாகக் கிட்டுகிறது. புதியவர்களுக்குக் களைப்பு மட்டுமே மிஞ்சுவதும் உண்டு. புதன்கிழமை தூக்கிய பளு வெள்ளிக்கிழமைத் தாவலுக்கு இவ்வகையில் உதவ வழியே இல்லை.

மேடையிலிருந்து குதித்து, தரை தொட்டவுடன் மீண்டும் எம்பும் பயிற்சியை 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி முறைப்படுத்தினார். நல்ல பயிற்சிதான். ஆனால் தரையில் இறங்கும் கணத்திலும், பளுவோடு குந்தும்போதும், தொடைத் தசை விசையைத் தாங்கியபடியே நீள்கிறது. பழக்கமில்லாத தசையில் இது நுண்ணிய சேதங்களை உண்டாக்கும். வலி அன்றே தெரியாது. 24 மணி நேரத்துக்குப் பின் பெருகி, இரண்டு மூன்று நாள் நீடிக்கும். அந்நாள்களில் தாவும் திறனும் குறையும். (லாக்டிக் அமிலம் தேங்குவதால் வரும் வலி என்று இன்றும் பலர் கூறக் கேட்கிறோம். அவ்வமிலமோ ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.) அம்மாணவிக்கு வலி உச்சத்தில் இருந்த நாளிலேயே தேர்வு அமைந்துவிட்டது.

இத்தகைய வலி தானே தீரும். மெதுவான நடை போதும். மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் தசை வீங்கி, பலம் மிகக் குன்றி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வெளியேறினால், தசை பெருமளவு சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம். இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

முழங்கால் ஏசிஎல் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் இப்பயிற்சிகளைத் தாமாகத் தொடங்க வேண்டா. பளுவும் தாவலும் அவர்களது மறுவாழ்வுப் பயிற்சியிலும் உண்டு. எனினும் இரு கால்களால் ஓசையின்றி இறங்கப் பழகிய பின்னரே ஒற்றைக்கால் தாவலுக்கு அனுமதிக்கிறோம். 9 மாதங்களுக்கு முன் போட்டிக்குத் திரும்புவோர்க்கு மறுகாயம் நேரும் வாய்ப்பு அதிகம். "வலியே இல்லையே, ஏன் தடுக்கிறீர்கள்?" என்று பிள்ளைகள் வீட்டில் வாதிடும்போது, இதைப் பெற்றோர் எடுத்துரைக்கலாம்.

அம்மாணவி வாரத்துக்கு இருமுறை மிதமான பளுவோடு பயிற்சியைத் தொடர்கிறார். அடுத்த தேர்வுக்கு முந்தைய நான்கு நாள்களைத் தந்தையே நாள்காட்டியில் வட்டமிட்டு, கடும் பளுவும் புதிய பயிற்சியும் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்.