கோதும் தலையும் தரும் சுவை

சென்ற வாரம் மாணவன் ஒருவன், "சேர், பிஸ்க் என்றால் என்ன?" என்று வினவினான். அது பிரெஞ்சு நாட்டாரின் கடலுணவுச் சாறு. நண்டு, இறால் முதலியவற்றின் கோதுகளை அவித்து வடித்து, அரிசி சேர்த்துத் தடிப்பாக்கிப் பாலாடையும் கலப்பர். "அது நமக்குக் கட்டுபடியாகாது" என்றான் அவன். "தம்பி, உன் அம்மம்மாவைக் கேட்டுப் பார். அதன் உடன்பிறப்பொன்று உங்கள் அடுக்களையிலேயே உண்டு" என்றேன். நான் கருதியது நமது ஒடியற் கூழையே.

இரண்டிற்கும் அடிப்படை ஒன்றுதான். இறாலின் சுவையிற் பெரும்பகுதி அதன் தலையிலும் கோதிலும் உறைகின்றது. நாமோ சதையை விலைகொடுத்து வாங்கிச் சுவையைக் குப்பையிற் கொட்டுகின்றோம்! பிரெஞ்சுக்காரர் அரிசியால் தடிப்பேற்றுவர். நம் முன்னோர் பனங்கிழங்கைப் பிளந்து வெயிலிற் காயவைத்து இடித்த ஒடியல் மாவால் தடிப்பேற்றினர்.

ஆறு பேருக்கு வேண்டுவன: ஒடியல் மா 200 கிராம், தலையுடன் கூடிய இறால் 250 கிராம், சிறு நண்டு 4, மீன்தலை 1, மரவள்ளிக் கிழங்கு 250 கிராம், பயிற்றங்காய் 100 கிராம், பலாக்கொட்டை 15, அரிசி ஒரு பிடி, முருங்கையிலை ஒரு பிடி, செத்தல் மிளகாய் 12, தேசிக்காயளவு பழப்புளி, அளவான உப்பு. நண்டு பெரிதாயிருத்தல் வேண்டா. குருநகரிலோ பாசையூரிலோ காலொடிந்த நண்டு மலிவாய்க் கிடைப்பின் அதுவே போதும்.

முதலில் மாவை நிறைந்த நீரில் மூன்று மணி நேரமேனும் ஊறவிடுக. இடையில் இருமுறை நீரை மாற்றி, ஈற்றில் துணியிற் பிழிந்து அந்நீரைக் கொட்டிவிடுக. பச்சை ஒடியல் மாவிற் கசப்பும் உடலுக்கு ஆகாத கூறுகளும் உள. ஆதலின் இதனைத் தவிர்த்தல் ஆகாது. ஒருமுறை அவசரத்தால் நான் இதனைக் கைவிட்டேன். பானை நிறையக் காய்ச்சிய கூழை ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

இறாலின் தலையையும் கோதையும் உரலில் மெல்ல இடித்து, ஒரு லீற்றர் நீரில் இருபது நிமிடம் அவித்துத் துணியில் வடித்தெடுக்க. கோதிலே புரதத்தோடு பிணைந்து மறைந்திருந்த செந்நிறம் வெப்பத்தால் விடுபட்டு வெளிப்படுவதை மாணவர்கள் கண்ணாரக் காணலாம்.

வேறொரு பெரிய பானையில் இரண்டு லீற்றர் நீரில் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் ஆகியவற்றை மூடாமல் அவிக்க. மரவள்ளியிலுள்ள நச்சாவி வெளியேறுதற்கே பானையைத் திறந்து வைக்கின்றோம். இவை வெந்தபின் மீன்தலையும் நண்டும், சற்றுப் பின்னர் இறாற் சதையும் இடுக. வடித்த சாறு, அரைத்த மிளகாய், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, புளிக் கரைசலிற் கலந்த ஒடியல் மாவை ஊற்றி, அடிப்பிடியாதவாறு துழாவிக்கொண்டே நன்றாகக் கொதிக்கவிடுக. முருங்கையிலை தூவி இறக்குக.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் மறந்திலோம். அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. படகோட்டும் எரிபொருள் விலையேறின் மீன் விலை எவ்வாறு தாழும்? குழம்பாக்கினால் இருவருக்கே போதுமான மீன், அந்நாட்களில் எம் வீட்டில் கூழாகி அறுவரின் பசியாற்றியது. வறியவன் உணவென்று சிலர் ஒதுக்கிய அக்கூழே எம் பிள்ளைகளுக்கு மீனின் சுவை மறவாதிருக்கச் செய்தது.

கூழ் தனித்திருந்து உண்பதற்குரியதன்று. மாமர நிழலிற் சுற்றமும் அயலும் கூடியிருந்து, பிலாவிலையைக் கோலி, சுடச்சுட ஊதி ஊதிக் குடித்தலே அதன் முறை. இன்று ஞாயிற்றுக்கிழமை. இறாற்றலையை எறியுமுன் ஒருகணம் சிந்தியுங்கள். பக்கத்து வீட்டாரையும் அழையுங்கள்.