சிங்க ராஜாவை எங்கே உட்கார்ந்து பார்க்கலாம்?

குழந்தைகளே! 'தி லயன் கிங்' கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்பாவை இழந்த சிம்பா என்னும் குட்டிச் சிங்கம், வளர்ந்து ராஜாவாகும் கதை அது. 1994ல் கார்ட்டூன் படமாக வந்த இந்தக் கதை, 1997ல் அமெரிக்காவில் இசை நாடகமாக மேடை ஏறியது. 1999ல் லண்டன் நகரின் லைசியம் தியேட்டருக்கு வந்தது. கொரோனா காலத்தில் நிறுத்தி வைத்திருந்ததைத் தவிர, இன்றுவரை அங்கே நடந்து கொண்டே இருக்கிறது.

லைசியத்தில் சுமார் 2,100 பேர் உட்காரலாம். கீழ்த்தளம் ஒன்று, அதற்கு மேல் இரண்டு பால்கனிகள். இடத்துக்கு இடம் டிக்கெட் விலை மாறும். விலை குறைந்த டிக்கெட்டுக்கும் விலை உயர்ந்ததற்கும் பல மடங்கு வித்தியாசம் உண்டு. ஒரு குடும்பமே போவதென்றால் செலவு அதிகம். அவ்வளவு பணம் கொடுத்துப் போய், முன்னால் இருப்பவரின் பின்னந்தலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும்?

அப்படியானால் எது நல்ல இடம்? 'முதல் வரிசைதான்!' என்று சட்டென்று சொல்வீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

முதல் வரிசை முதல் தரமா?

மேடை, தரையைவிட உயரமாக இருக்கும். முதல் வரிசையில் உட்காரும் சிறு குழந்தைக்கு, மேடையின் தரை கிட்டத்தட்ட கண்ணுக்கு நேராக வந்துவிடும். நடிகர்களின் முகம் நன்றாகத் தெரியும். ஆனால், ஆடுகிறவர்களின் பாதம் சரியாகத் தெரியாது. பின்னால் நிற்பவர்களை முன்னால் நிற்பவர்கள் மறைப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அண்ணாந்து பார்த்தால் கழுத்தும் வலிக்கும்.

இந்த நாடகத்தில் கிட்டத்தில் பார்க்க வேண்டிய அதிசயமும் உண்டு. முபாஸா, ஸ்கார் ஆகிய சிங்கங்களாக நடிப்பவர்கள் முகமூடியால் முகத்தை மூடிக் கொள்வதில்லை. முகமூடி தலைக்கு மேலே இருக்கும். சிங்கத்தின் முகம், மனிதரின் முகம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். இப்படி அமைத்தவர் நாடகத்தின் இயக்குனர் ஜூலி டேமர் என்ற பெண்மணி. இசை நாடக இயக்கத்துக்கான டோனி விருதைப் பெற்ற முதல் பெண் இவர்தான், ஆண்டு 1998. இந்த இரண்டு முகங்களையும் ரசிக்க ஆசைப்படுபவர்கள், கீழ்த்தளத்தில் சில வரிசைகள் தள்ளி, நடுவில் உட்காருவது நல்லது.

யானை பக்கத்தில் வரும்!

நாடகம் தொடங்கியதும் மிருகங்கள் ஊர்வலமாக வரும். சில மிருகங்கள், கீழ்த்தளத்தில் இருக்கைகளுக்கு நடுவே உள்ள நடைவழியாகவே மேடைக்குப் போகும். நான்கு பேர் நான்கு கால்களாக நடக்க, ஒரு பெரிய யானை அசைந்து வரும்! நடைவழி ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் மேல் பால்கனியில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சியில் பெரும்பகுதி தெரியாது.

மாடியின் லாபம்

மேலே இருந்தால் நஷ்டம்தானா? இல்லை! மேடையில் கைகளிலும் கால்களிலும் கட்டைகளைக் கட்டிக்கொண்டு ஒட்டகச்சிவிங்கிகள் நடக்கும். தலையில் புல் வைத்த நடனக்காரர்கள் அசையும்போது, மேடையே புல்வெளியாகிவிடும். யார் எங்கே நகர்கிறார்கள் என்ற கோலம் முழுவதும் மேலிருந்து பார்த்தால்தான் புரியும். முதல் பால்கனியின் நடுப்பகுதி இதற்கு மிகவும் ஏற்றது.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பால்கனியின் முன் வரிசையில் பாதுகாப்புக்காகக் கம்பி வைத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு அது தொந்தரவு இல்லை. குட்டையான குழந்தைகளின் கண்ணுக்கு நேராக வரலாம். இரண்டு, கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளுக்கு மேலே பால்கனி நீண்டிருக்கும். அங்கே மேடையின் மேல்பகுதி மறையலாம். மறைக்கும் இடங்களுக்கு டிக்கெட்டில் அப்படியே குறிப்பிட்டு, விலையைக் குறைத்துக் கொடுப்பது லண்டன் தியேட்டர்களில் வழக்கம். உயரம் போதாத குழந்தைகளுக்குப் பல தியேட்டர்களில் தனி மெத்தையும் தருவார்கள்.

யாருக்கு நல்ல இடம்?

இதோ இன்னொரு கேள்வி. காது கேளாத ஒரு குழந்தை நாடகம் பார்க்க வந்தால்? சில நாட்களில், வசனத்தையும் பாட்டையும் சைகை மொழியில் சொல்பவர் மேடை ஓரத்தில் நிற்பார். அவரும் மேடையும் ஒரே பார்வையில் தெரியும் இடம்தான் அந்தக் குழந்தைக்கு நல்ல இடம். அது விலை உயர்ந்த இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலருக்குத் திடீர்ச் சத்தமும் பளிச் வெளிச்சமும் தாங்காது. நியூயார்க் நகரில் 2011ல், இவர்களுக்காகவே 'தி லயன் கிங்' நாடகத்தை ஒருநாள் நடத்தினார்கள். சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைத்தார்கள். நடுவில் எழுந்து வெளியே போய் வரவும் அனுமதித்தார்கள். இப்படிப்பட்ட குழந்தைக்கு வாசலுக்குப் பக்கத்து இருக்கையே சிறந்த இருக்கை! சக்கர நாற்காலியில் வருபவருக்கு, படி இல்லாத வழியும், எதிரே மறைக்காத இடமும் வேண்டும்.

ஆகவே, டிக்கெட் வாங்கும் முன் விலையைப் பார்ப்பது மட்டும் போதாது. 'எதைப் பார்க்க ஆசை? யார் யார் வருகிறோம்? அவரவர் உயரம் என்ன?' இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டு, இருக்கை வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

நல்ல இடத்தைக் கெடுக்காதீர்கள்

எவ்வளவு நல்ல இடமும் ஒரு நொடியில் கெட்டுப்போகும். எப்படி என்கிறீர்களா? முன்னால் இருப்பவர் உடம்பை வளைத்து எட்டிப் பார்த்தால், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். அவரும் எட்டிப் பார்ப்பார். அப்படியே கடைசி வரிசைவரை போகும்! முதுகைச் சாய்த்து ஒழுங்காக உட்கார்ந்தால், அதிகம் பேருக்குத் தெரியும்.

லண்டனுக்கு நாம் போகிறோமோ இல்லையோ, பள்ளி ஆண்டு விழா வரத்தானே போகிறது? ஓடிப்போய் முதல் வரிசையைப் பிடிக்கும் முன், பின்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்களைவிடக் குட்டையான ஒரு ஒன்றாம் வகுப்புத் தம்பியோ தங்கையோ நின்று கொண்டிருக்கலாம். அவர்களை முன்னால் விடுங்கள். உங்களுக்குத்தான் அவர்கள் தலைக்கு மேலாகவே எல்லாம் தெரியுமே!