கடிகாரத்துக்கு ஒரு டூப்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் கால் வைக்க இடம் கிடைக்காது. தகப்பனை இழந்தவர்கள் கடற்கரையில் தர்ப்பணம் கொடுத்து, நன்னீர்க் கேணியில் முழுகி, வீட்டுக்குப் போய்க் காத்தோட்டிக்காயோடு விரதச் சாப்பாடு சாப்பிடுவார்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் தீர்த்தமும் அன்று அங்கேதான். அந்த நாளை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு நிரல் ஒன்றை யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அடுத்த ஆடி வரை காத்திருக்க முடியுமா?

சூரியனும் சந்திரனும் எங்கே நிற்கின்றன என்ற கணக்கைச் சோதிப்பது எளிது. ஒரே எண்ணைக் கொடுத்தால் எப்போதும் ஒரே விடைதான். தொல்லை தருவது, "இப்போது நேரம் என்ன?" என்று கணினியைக் கேட்கும் ஒற்றை வரி. ஒவ்வொரு முறையும் வேறு விடை வரும். குறுஞ்செய்தி அனுப்பும் வரியும் அப்படித்தான். சோதிக்கும்போதெல்லாம் யாரோ ஒருவருடைய தொலைபேசி சிணுங்கும், காசும் போகும்.

நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே, சில நொடிகளில், தானாகவே சரிபார்ப்பதற்கு யூனிட் டெஸ்ட் என்று பெயர். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் எழுதத் தொடங்கிய ஜேயூனிட் என்ற கருவி அந்தப் பழக்கத்தைப் பரப்பியது. நேரம், வலையமைப்பு போன்ற அடங்காப் பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு 2000ஆம் ஆண்டில் டிம் மக்கினன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் ஆகிய மூவர் ஒரு கட்டுரையில் வழி சொன்னார்கள். அசல் பொருளை எடுத்துவிட்டு, அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த போலிப் பொருளை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அதை மொக் ஒப்ஜெக்ட் என்றார்கள். சண்டைக் காட்சியில் கதாநாயகனுக்காக மாடியிலிருந்து குதிக்கும் டூப்பின் வேலைதான் இதற்கும்.

போலிக் கடிகாரம், சொல்லிக்கொடுத்த நேரத்தை மட்டும் ஒப்பிக்கும். போலிக் குறுஞ்செய்திப் பொருள் எதையும் அனுப்பாது; எந்த எண்ணுக்கு, எத்தனை தடவை, என்ன அனுப்பச் சொன்னார்கள் என்று குறித்துவைத்துக் காட்டும். பாடநூல்கள் முன்னதை ஸ்டப் என்றும் பின்னதை மொக் என்றும் பிரிக்கும். அலுவலகப் பேச்சில் எல்லாமே மொக்தான்.

டூப்பை உள்ளே கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. நேரம் கேட்கும் வரி நிரலின் ஆழத்தில் புதைந்து கிடந்தாலும் அதைப் பலவந்தமாக மாற்றிவைக்கும் கருவிகள் இருக்கின்றன. ஜாவாக்காரர்களின் மொக்கிட்டோ 2020 முதல் ஸ்டாட்டிக் மெதட்களையும் இப்படி மாற்றித் தருகிறது. மற்றது, நிரல் தானாகப் போய் நேரம் கேட்காமல், கடிகாரத்தை வெளியிலிருந்து கையில் வாங்கிக்கொள்வது. 2014இல் வந்த ஜாவா 8இலேயே, ஒரே நேரத்தில் உறைந்து நிற்கும் கடிகாரம் இதற்கென்று இருக்கிறது. தொடவே பயமாக இருக்கும் பழைய நிரல்களுக்கு முதல் வழி உதவும். புதிதாக எழுதுகிறவர் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

உறைந்த கடிகாரம் இருந்தால் எந்த நாளையும் வரவழைக்கலாம். 2025 ஆடி அமாவாசை ஜூலை 24. ஆனால் திதி முடிந்தது இலங்கை நேரப்படி 25ஆம் தேதி அதிகாலை 12.41க்கு. கிரீன்விச் நேரத்தில் ஓடும் சேவையகத்துக்கு அது 24 இரவு 7.11, ரொறன்ரோவில் இருக்கும் ஒரு மகனுக்கு 24 பிற்பகல் 3.11. இந்த மூன்று இடங்களிலும் நிரல் சரியான தேதியைச் சொல்கிறதா என்று ஒரு நொடிக்குள் பார்த்துவிடலாம். இப்படி ஓர நாட்களைத் தேடிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2008 டிசம்பர் 31 காட்டியது. அன்று மைக்ரோசொஃப்டின் சூன் 30 இசைக் கருவிகள் உறைந்து நின்றன. லீப் ஆண்டின் 366ஆவது நாளில் அவற்றின் கடிகார நிரல் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கியதே காரணம்.

ஆனால் டூப் நாம் சொல்லிக்கொடுத்ததை மட்டுமே சொல்லும். இலங்கை நேரம் எப்போதும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே என்று நம்பி ஒருவர் போலிக் கடிகாரம் செய்தால், எல்லாச் சோதனைகளும் பச்சை காட்டும். உண்மை வேறு. மின்தட்டுப்பாட்டால் 1996 மே 25இல் அரசு நேரத்தை ஆறரை மணிக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அது ஆறு மணியானது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ 1996இன் மாற்றத்தை ஏற்கவே இல்லை. ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடியது.

இது வெறும் சரித்திரத் துணுக்கு அல்ல. 2001இல் இறந்த தகப்பனின் திதியை, இறப்புப் பத்திரத்தில் உள்ள நேரத்தைக் கொண்டு கணிக்கிற நிரல் அரை மணி நேரம் பிசகினால், திதி மாறும் வேளையில் நிகழ்ந்த சாவுக்கு அடுத்த திதியைச் சொல்லிவிடும். நேரம் மாறியதாக மேலே சொன்ன மூன்று தேதிகளும் ஐயானா அமைப்பு பராமரிக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் 'ஏசியா/கொழும்பு' பதிவில் இருக்கின்றன. கடிகாரத்துக்கு டூப் போடுங்கள். அந்தத் தரவுத்தளத்துக்குப் போடாதீர்கள்.