கையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்

திருப்பூர் காதர்பேட்டையில் டி-சர்ட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் போட்டுப் பார்ப்பதில்லை. மார்புக்கு நேரே பிடித்துப் பார்த்து, "எல் சைஸ் போதும்" என்று பைக்குள் திணித்துக்கொள்வார்கள். பின்னல் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. இழுத்த பக்கம் இளகும். கட்டிங்கில் அரை இஞ்ச் பிசகினாலும் உடம்புக்குத் தெரியாது. ஈரோட்டில் காட்டன் பிட் எடுத்துவந்து சட்டை தைக்கக் கொடுப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பாவும் ஊடுமாக நெய்த துணி மூலைவாட்டில் இழுத்தால்தான் கொஞ்சம் கொடுக்கும். மற்றபடி பிடிவாதக்காரத் துணி.

வம்பு அளவுச் சட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. நன்றாகப் பொருந்துகிறதே என்று பழைய சட்டையைக் கொடுத்தால், துவைத்துத் துவைத்துச் சுருங்கிய கை நீளமும் புதுச் சட்டைக்கு அப்படியே வந்து சேரும். அந்தப் புதுத் துணியும் முதல் சலவையில் 4 சதவீதம் சுருங்கினால் 25 இஞ்ச் கையில் ஒரு இஞ்ச் காணாமல் போகும். பனியன் கம்பெனிகளில் சுருக்கத்தைக் குறைக்கத் துணியை காம்பாக்டிங்குக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுத்தாலே போதும்.

சட்டையின் சூட்சுமம் கைக்குழியில் இருக்கிறது. பிடிக்கிறது என்றதும் "குழியை இறக்கி வெட்டுங்கண்ணா" என்று கேட்பவர்களே அதிகம். அங்கேதான் கணக்கு தப்புகிறது. குழி இறங்க இறங்க, கையும் உடம்பும் சேரும் இடம் இடுப்பை நோக்கிப் போய்விடுகிறது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்ததும் சட்டை மொத்தமும் கூடவே எழுந்து பேன்ட்டை விட்டு வெளியே வரும். அக்குளுக்குப் பக்கத்தில் உயர்த்தி வெட்டிய சட்டையில் கை மட்டும் எழும். உடம்புத் துணி அவ்வளவாக அசையாது. கைத்துணியின் மேல்வளைவுக்கும் இதில் பங்கு உண்டு. அதை உயர்த்தி வெட்டினால் கை தொங்கும்போது சுருக்கமின்றி அழகாக விழும், தூக்கும்போது பிடிக்கும். தாழ்த்தினால் தாராளம், ஆனால் அக்குளில் மடிப்பு விழும். கல்யாண மேடைக்கா, தினமும் பைக் ஓட்டவா என்று கேட்டுவிட்டுக் கத்தரியைத் தொடும் மாஸ்டர் கெட்டிக்காரர்.

தோள்கள் எல்லோருக்கும் சமமாக அமைவதில்லை. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கழுத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு சுருக்கம் ஓடும். அயர்ன் பண்ணினாலும் போகாது. அந்தப் பக்கத் தோள் சரிவை மட்டும் கால் இஞ்ச் இறக்கினால் சரியாகலாம்.

சரியாக வெட்டியதையும் தையல் கெடுத்துவிடலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரம். ஓரத்துக்குக் கால் இஞ்ச் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால் சுற்றளவில் முழுசாக ஒரு இஞ்ச் போச்சு.

எல்லாவற்றையும் மன்னிக்கும் பின்னல் துணிக்கும் ஒரு கோளாறு உண்டு. சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு பிரியப் பார்க்கும். கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாயும். நாலு சலவைக்குப் பிறகு டி-சர்ட்டின் பக்கத் தையல் மெல்ல நகர்ந்து வயிற்றுக்கு வந்து நிற்கும். ஆல்டர் பண்ணச் சொல்லிக் கொண்டுபோனால், டெய்லர் தையலைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்.